மனசை எங்கே வைக்கச் சொல்றீங்க?

போன வருசம் எங்கள் கம்பெனியில் ஒரு வகுப்பு நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ப்ரெஸ் ஷாப். பேர் வேண்டாம். பேர் எழுதினால் என் சோத்துக்குத்தான் கேடு, முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை. ஓ.டி. கிடையாது, ஆனால் வந்தே தீரணும். மேல்மாடி ஹாலில் நாற்காலி போட்டு, வடையும் காப்பியும் கொடுத்து, சிட்டியிலிருந்து வந்த ஒருத்தர் மூன்று மணி நேரம் பேசினார். போர்டில் கொட்டை எழுத்தில் 'ஈடுபாட்டோடு உழைப்போம்' என்று எழுதியிருந்தது.

"கம்பெனி உங்கள் குடும்பம். வேலையில் மனசை வையுங்க, கை தானா ஓடும்" என்றார்.

பவர் ப்ரெஸ்ஸில் கை தானா ஓடினால் என்ன ஆகும்? எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும்படி செய்த ப்ரெஸ் அது. கணக்கு ஏறவில்லை என்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டச் சொன்னது யார் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அவரும் வடை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஹாலில் அறுபது நாற்காலி. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் நூற்று நாற்பது பேர். மிச்ச எண்பது பேர் கான்ட்ராக்ட், அவர்களுக்கு வகுப்பு கிடையாது. ஆனால் அவர்களில் பத்துப் பேரை அன்றைக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியை மாடிக்கு ஏத்த, டம்ளர் பொறுக்க, மறுபடி நாற்காலியை இறக்க. அந்த அறுபது பேரில் நம்மாட்கள் என்னையும் சேர்த்து ஏழு. எண்பதில் எத்தனை என்று யாரும் எண்ணத் தேவையில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காம்பவுண்டுச் சுவரோரம் குந்தியிருக்கிற வரிசையைப் பார்த்தாலே தெரியும். இப்போது அதில் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். அவங்க ஊரில் அவங்க யார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் நம்ம கதைதான் வரும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். செங்கல் சூளைக்காரர் மகன் அய்.டி.அய். படித்து, அப்ரன்டிசாகச் சேர்ந்து, பத்தொன்பது வருசத்தில் சம்பாதித்த நாற்காலி. எழுந்து நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வகுப்பெடுத்தவர் ஜப்பான் கதை ஒன்று சொன்னார். டொயோட்டா கம்பெனியில் லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்குமாம். எந்தத் தொழிலாளிக்குக் கோளாறு கண்ணில் பட்டாலும் இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார். சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். நிறுத்தினவனை யாரும் திட்டமாட்டார்கள். "அந்த ஈடுபாடு நம்மாளுங்ககிட்ட ஏன் இல்ல?" என்று கேட்டார்.

கயிறு கதை உண்மைதான். ஆனால் அவர் பாதியிலிருந்து ஆரம்பித்தார். 1950-இல் அதே டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனியை உருவாக்கிய கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியிலிருந்து விலக வேண்டி வந்தது. அந்த அடிக்குப் பிறகுதான், வேலையில் இருக்கிறவனை எளிதில் வெளியே தள்ளுவதில்லை என்கிற ஏற்பாடு அங்கே வேர்விட்டது. நாளைக்கும் வேலை உண்டு என்று தெரிந்தவன் கயிற்றை இழுப்பான். நாளைக்கு கேட்டில் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தவன் இழுப்பானா?

ஜப்பானிலும் நம்மைப் போல ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. புராக்குமின் என்பார்கள். தோல் வேலை, கசாப்பு வேலை செய்த சாதிகளின் பிள்ளைகள். அவர்களுடைய குடியிருப்புகளின் பெயர்களை இரகசியமாகப் புத்தகம் போட்டுக் கம்பெனிகளுக்கு விற்றார்கள் என்பது 1975-இல் அம்பலமானது. பெரிய பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியிருந்தன. வேலைக்கு மனுப்போடுகிறவன் எந்தத் தெரு என்று பார்க்கத்தான்! இங்கே புத்தகம் வேண்டாம். "தம்பி எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? மாரியம்மன் கோயிலுக்கு இந்தண்டையா அந்தண்டையா?" மூன்றாவது கேள்வியில் வேலை முடிந்துவிடும்.

இனி எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

திருநின்றவூர்ப் பக்கத்துக் காலனிப் பையன் ஒருத்தன், கான்ட்ராக்ட் ஹெல்பர். காலை யூனிட் ரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவான். அவன் நின்ற ப்ரெஸ்ஸில் ஸ்க்ராப் போய் டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். அரை மணிக்கொரு தரம் நிறுத்திக் கம்பியால் குத்தி எடுக்கணும். ஒரு நாள் அவன் பழைய தகரத்தை வளைத்து ஒரு சரிவு மாதிரி செய்து கீழே சொருகினான். ஸ்க்ராப் தானாக வழுக்கித் தொட்டியில் விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு ஷிப்டில் நானூறு பீஸ் கூடுதலாக வந்தது. ஆயுத பூசை அன்றைக்கு 'சிறந்த யோசனை' என்று சூப்பர்வைசருக்குப் பரிசு கொடுத்தார்கள். போட்டோ நோட்டீஸ் போர்டில் ஒரு மாசம் தொங்கியது. பையனுக்கு ஒரு டீ. அதுவும் அவன் பிளாஸ்டிக் கப்பில்தான் குடிக்கணும். எவர்சில்வர் டம்ளர் பர்மனென்டுக்கு. கான்ட்ராக்டுக்குத் தனி கப் என்று சுகாதாரத்தின் பேரால் சொல்கிறார்கள். டீக்கடையில் ரெட்டை டம்ளரை எதிர்த்து அடிபட்ட நம் பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆறு மாசம் கழித்து அதே ப்ரெஸ்ஸில் டை பிளந்தது. லட்சக்கணக்கில் நஷ்டம். விசாரணை, மெமோ, கூச்சல். சாயங்காலம் சுவரோரம் அவனிடம் கேட்டேன்.

"காலையிலிருந்தே சத்தம் மாறிடுச்சுண்ணே. எனக்குத் தெரியும்."

"ஏண்டா சொல்லல?"

"சொல்லி?"

அவ்வளவுதான் பேசினான். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பதில் தெரிந்தால் வகுப்பெடுக்கிறவர்கள் தாராளமாக மறுபடி வரட்டும். அவனுக்கு ஈடுபாடு இல்லையா? எங்கள் அறுபது பேரில் எவனுக்கும் கேட்காத சத்தம் அவன் காதில் விழுந்தது. மெசினோடு ஒன்றிப் போனவனுக்குத்தான் அது கேட்கும். ஈடுபாடு அவனிடம் இருந்தது. அதைக் கம்பெனிக்குக் கொடுக்க மறுத்துவிட்டான். கொடுத்ததை ஒரு தரம் திருடிக்கொண்டார்களே!

இதைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். லாகூரில் பேச வேண்டிய உரை. பேச விடவில்லை, தானே அச்சடித்து வெளியிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று நாம் படிக்கிற அந்த நூலில் தொழிலைப் பற்றி அவர் சொல்வதை மேடைகளில் நாம் பாதிதான் சொல்கிறோம். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து ஒருவர் மேல் ஒருவரை அடுக்கி வைக்கிறது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த இடம்தான் நமக்கு வேண்டியது. தான் தேர்ந்தெடுக்காத வேலை, செய்கிறவனுக்கு இழிவைக் கொண்டுவருகிற வேலை, அவனுக்குள் வெறுப்பையும் எப்படியாவது தப்பித்தால் போதும் என்கிற எண்ணத்தையும்தான் வளர்க்கும். மனசும் மூளையும் ஒட்டாத இடத்தில் திறமை எங்கிருந்து வரும் என்று அங்கே கேட்கிறார். கூலி குறைவு என்பதை விட, வேலையில் மனசு ஒட்டாமல் போவதைப் பெரிய பொருளாதாரக் கேடாகப் பார்த்தார். எங்கள் ஹாலில் மூன்று மணி நேரம் பேசினவர் அந்த இரண்டு பக்கத்தைப் படித்திருந்தால் வடைச் செலவு மிச்சம்.

படிப்பில் மட்டும் அவர் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே தீண்டத்தகாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். நூல் அறுந்தால் நாடாவில் வாய் வைத்து உறிஞ்சி நூலை இழுக்கணும். நம் எச்சில் பட்ட நாடாவில் சாதி இந்துத் தொழிலாளி வாய் வைக்க மாட்டானாம். 1928 வேலைநிறுத்தத்தில் சங்கத்துக்காரர்கள் கோரிக்கைப் பட்டியல் போட்டபோது இதையும் சேர், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் உங்களோடு நிற்கமாட்டார்கள் என்று அம்பேத்கர் சொன்ன பிறகுதான், வேண்டா வெறுப்பாகச் சேர்த்தார்கள். முதலாளிகள் அதைப் படித்துவிட்டு, இது அநீதி என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லையே என்றார்கள். கம்பெனியில் சாதியை முதலாளி மட்டும் வைத்திருக்கவில்லை, பக்கத்து மெசின்காரனும் வைத்திருக்கிறான் என்று அன்றைக்கே வெளிச்சமாகிவிட்டது.

எதிர் உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கேயிருந்து வெளியே வந்தது. அப்புறம் அர்ஜுன், பீஷ்மா. அரசு வேலை, இடஒதுக்கீடு, நிரந்தரம், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி. நம் தெருக்களிலிருந்தும் ஆட்கள் உள்ளே போனார்கள். எந்த அரசு இடத்திலும் போல அங்கேயும் சாதி இருந்தது, இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் வேலை நாளைக்கும் இருந்தது. என் சித்தப்பா அங்கே வெல்டர். சனவரி 26 அன்றைக்கு டெல்லி அணிவகுப்பு டி.வி.யில் ஓடும்போது யாரையும் பேசவிடமாட்டார். டாங்கி வந்ததும், "அந்த ஜாயின்ட் பாரு, நம்ம கை" என்பார். அவருக்கு யார் வகுப்பெடுத்தார்கள்? அந்தச் சம்பளத்தில்தான் பட்டாபிராமில் அரை கிரவுண்டு வாங்கினார், பெண்ணை நர்சிங் படிக்க வைத்தார். தேசபக்தியெல்லாம் அப்புறம். தன் பிள்ளை தன்னைப் போலக் குனிய வேண்டியதில்லை என்று ஆனபிறகு அவர் வெல்டிங்கில் மனசு வைத்தார்.

2021 அக்டோபர் 1-ஆம் தேதி நாட்டிலிருந்த படைக்கலத் தொழிற்சாலைகளையெல்லாம் ஏழு கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். டாங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனி, பக்கத்திலேயே இருக்கிற படையுடைத் தொழிற்சாலை வேறொரு கம்பெனி. அதற்கு முன்னாலேயே, வேலைநிறுத்தம் செய்தால் ஜெயில் என்று சூன் கடைசியில் அவசரச் சட்டம், ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் சட்டம். வாயைக் கட்டிவிட்டு மனசை வை என்றார்கள். 1955-இல் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் கூடி சோசலிச பாணிச் சமுதாயம் அமைக்கப்போவதாகத் தீர்மானம் போட்டது. 2024 ஆகஸ்டில் அதே ஆவடியில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விசவாயுவில் செத்தார். மனிதனை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013-லிருந்து இருக்கிறது. அவருக்கு வேலையில் ஈடுபாடு போதவில்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

பூந்தமல்லியை மறக்க முடியாது. 2021 டிசம்பர். சிறீபெரும்புதூரில் அய்போன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் கம்பெனி, அதில் வேலை செய்கிற பெண் பிள்ளைகள் பூந்தமல்லிக்கு அருகில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். எல்லாம் பதினெட்டு, இருபது வயசு. கிராமத்திலிருந்து வந்தவர்கள். மாசச் சம்பளம் பத்தாயிரத்துச் சொச்சம். விடுதிச் சோற்றில் விசம். இருநூற்று அய்ம்பது பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேர் ஆஸ்பத்திரியில். கூடத் தங்கியிருந்தவள் எங்கே, உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. செத்துப் போனார்கள் என்று செய்தி பரவி, ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை–பெங்களூர் ரோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் கேட்டதற்கு முதல் நாளே ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால் ரோட்டுக்கு வந்திருப்பார்களா? போலீஸ் 67 பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு பத்திரிகைக்காரர்கள் தோண்டியபோது வெளியே வந்தவை: ஒரே அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, தண்ணீர் வராத கக்கூஸ், சமையல்கட்டில் எலி.

பதினேழாயிரம் பேர் வேலை செய்த தொழிற்சாலை பல நாள் பூட்டிக் கிடந்தது. ஆப்பிள் கம்பெனி, தங்கும் இடமும் சாப்பிடும் இடமும் தன் அளவுகோலுக்கு வரவில்லை என்று ஒத்துக்கொண்டு ஃபாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது. சனவரி 12-ஆம் தேதிதான் கேட் திறந்தது. மயிரிழை பிசகாமல் திருகாணி பூட்டும் விரல்கள் வேண்டும். அந்த விரலுக்குச் சொந்தக்காரி படுக்க ஒரு பாய், எலி வாய் வைக்காத சோறு, இது கணக்கில் வராது. இப்படிக் கிராமத்துப் பெண்களாகப் பார்த்து ஏன் எடுக்கிறார்கள் என்பதற்கு அப்போதே பதிலும் அச்சில் வந்தது: இவர்கள் சங்கம் சேரமாட்டார்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று நினைத்தார்களாம். பேசினார்கள். அந்தப் பெண்களுக்கு எந்தக் கொடியும் முன்னால் போகவில்லை.

கொடி என்றதும் செங்கொடித் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உங்களோடு சண்டை போட எனக்கு உரிமை உண்டு, பத்தொன்பது வருசமாகச் சந்தா கட்டுகிறேன். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றது கூலியை விடச் சங்கத்தை அங்கீகரி என்பதற்காகத்தான். 2025 சனவரியில் பதிவு வாங்கினார்கள். பெருமைதான். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிவிட்டு மே தினத்தன்று முதலமைச்சரே திரும்பப் பெற்றதாக அறிவித்தாரே, அதுவும் சங்கங்கள் சேர்ந்து நின்றதால் வந்தது. மறுக்கவில்லை.

ஆனால் கொஞ்சம் பின்னால் போங்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் சங்கம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, இரத்தம் ஓடியது. கருங்காலிகள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஏன் திரும்பினார்கள்? வேலைநிறுத்த நாளில் கையில் ஒரு பிடி நிலமில்லாதவன் எதைத் தின்பான், அந்தச் சங்கத்தில் அவனுடைய சொல் எங்கே இருந்தது என்று அப்போது எத்தனை பேர் கேட்டார்கள்? முதலாளி பிரித்தான், உண்மை. பிரிக்க வசதியாகக் கோடு ஏற்கெனவே கிழித்திருந்தது.

இன்றைக்கு அந்தக் கோட்டுக்குப் பேர் கான்ட்ராக்ட். 2025 நவம்பர் 21-இலிருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்னே இருபது கான்ட்ராக்ட் ஆள் இருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் எட்டிப் பார்க்கும். இப்போது அய்ம்பது பேர் இருக்கணும். அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறை. நாற்பத்தொன்பது ஆளை வைத்துக்கொண்டு அய்ம்பதாவது ஆளை மச்சான் பேரில் எழுத இங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இதை எதிர்த்துச் சங்கங்கள் ஊர்வலம் போயின. போன ஊர்வலத்தில் எங்கள் கம்பெனியிலிருந்து முப்பது பேர். எண்பது கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருத்தருமில்லை. கூப்பிடவில்லை. "அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு இருக்க மாட்டாங்க, மெம்பர்ஷிப் கஷ்டம் தோழர்" என்றார் கிளைச் செயலாளர். முதலாளியும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்கிறான், 'தோழர்' மட்டும் இல்லாமல்.

முதலாளிக்கு மனசு வைத்த வேலை வேண்டுமா? வகுப்புக்குக் கொடுத்த பணத்தில் எண்பது எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கட்டும், ஒரே கேன்டீனில், ஒரே வரிசையில் சோறு போடட்டும். டிபன் பாக்ஸில் மாட்டுக்கறி இருந்தால் மூக்கைப் பிடிக்கிறவன் வெளியே போய்ச் சாப்பிடட்டும். பட்டனில் ஒட்டின டேப்பைப் பிய்க்கட்டும். வருசக்கணக்காக அதே மெசினில் நிற்கிறவன் பேரை மஸ்டரில் ஏத்தட்டும். தகரச் சரிவை வளைத்தவன் பேரை நோட்டீஸ் போர்டில் எழுதட்டும். அதன்பிறகு கயிறு கட்டலாம்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதைவிடச் சின்னது. வருகிற மாசம் சந்தா நாளில் ரசீதுப் புத்தகத்தைச் சுவரோரம் கொண்டு வாருங்கள். விதியில் இடமில்லை என்றால் விதியை மாற்ற இந்தப் பொதுக்குழுவிலேயே தீர்மானம் கொடுக்கிறேன், எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் திருநின்றவூர்ப் பையனிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். "சந்தா கட்டினா என்னண்ணே கிடைக்கும்?" என்றான். பொதுக்குழுவில் நீயும் எழுந்து பேசலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எத்தனை ரூபாய் என்று கேட்டான்.